மாற்றுச் செடிகள்

அந்தப் பள்ளியில் எந்தச் செடியும் செத்ததில்லை. எந்தக் கம்பளிப்புழுவும் வண்ணத்துப்பூச்சி ஆகாமல் பாதியில் போய்ச் சேர்ந்ததில்லை. அப்படி ஒரு ராசியான பள்ளி. அந்த ராசிக்காக ஆசிரியைகள் முதுகொடிய உழைத்தார்கள் என்பது மட்டும் பிள்ளைகளுக்குத் தெரியாது.

ஒவ்வொரு பருவத்துக்கும் சுற்றுச்சூழல் அறிவியலில் பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்து பார்க்க மூன்று செயல்திட்டங்கள் போடுவார்கள். திட்டத் தாளில் நான்கு கட்டங்கள். என்ன செய்யப் போகிறோம், என்னென்ன பொருள் வேண்டும், எத்தனை நாள், கடைசியாக 'மாற்று'. மாற்று என்றால், செய்தது சொதப்பிவிட்டால் பிள்ளைகள் வந்து பார்ப்பதற்குள் அந்த இடத்தில் வைக்க வேண்டிய வேறொன்று. போன வருடம் மூன்றாம் வகுப்பின் கண்ணாடிப் பெட்டியில் புழு செத்துக் கிடந்தபோது, பாட்டு டீச்சர் ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஊர்க்காரர்களின் வேலியெல்லாம் தடவி அதே நிறத்தில் ஒன்றைப் பிடித்து வந்தாள்.

"முன்னதைவிட இது கொஞ்சம் குண்டு. லீவுல நல்லா சாப்பிட்டிருக்குன்னு சொல்லிட்டேன்" என்று அவள் சொன்னபோது ஆசிரியர் அறையே விழுந்து விழுந்து சிரித்தது. அதை அங்கே யாரும் பொய் என்று நினைக்கவில்லை. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தார்கள். எட்டு வயதுப் பிள்ளை செத்த புழுவைப் பார்த்து ஏன் அழ வேண்டும்?

இந்தக் கெட்டிக்காரத்தனத்தில் எல்லோருக்கும் மேலே இருந்தவள் பயறு டீச்சர். நான்காம் வகுப்பு அவளுடையது. பிள்ளைகள் வைத்த பெயர் அது. வருடம் தவறாமல் பயறு முளைக்க வைப்பாள், அதனால் வந்தது. பள்ளிக்குப் பரிசு வாங்கித் தந்ததும் அந்தப் பயறுதான்.

புதன்கிழமை சாயங்காலம் அடுத்த பருவத்துக்கான திட்டக் கூட்டம் நடந்தது. நான்கு பேர்தான். பெரிய டீச்சர், பாட்டு டீச்சர், பயறு டீச்சர், வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதமான புது டீச்சர். மழையளவு மானி செய்யலாம் என்றாள் ஒருத்தி. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டு குழி தோண்டலாம் என்றாள் இன்னொருத்தி. குழி தோண்டினால் யாராவது அதில் விழுவார்கள், விழுவதும் ஒன்றாம் வகுப்பாகத்தான் இருக்கும் என்றார் பெரிய டீச்சர். பிறகு புது டீச்சர் சுவரில் தொங்கிய, பரிசு வாங்கிய பயறு வளர்ச்சிக் கோட்டுப்படத்தைக் காட்டினாள்.

"மேடம், இதையே திரும்பப் பண்ணலாமா? நாலு குழாய்த் தண்ணி, நாலு வரிசைப் பயறு. ஒண்ணாம் வகுப்பு, ரெண்டாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு அடிக்கடி வயித்து வலி வருது. பின்பக்கக் குழாயைப் பத்தித்தான் பெத்தவங்க பேசிக்கிறாங்க."

பள்ளியில் நான்கு குழாய்கள். வாசல், அலுவலகம், சமையற்கூடம் ஆகிய மூன்றுக்கும் ஊர்த் தொட்டியிலிருந்து தண்ணீர் வருகிறது. நான்காவது விளையாட்டுத் திடலின் ஓரத்தில் இருக்கிறது. அதற்குத் தனி ஆழ்துளைக் கிணறு. சின்னப் பிள்ளைகள் ஓடி ஆடிவிட்டு அங்கேதான் வாய் வைத்துக் குடிக்கும். திடலின் மதிலுக்கு அந்தப்பக்கம், மூன்று வருடத்துக்கு முன் பழைய பேட்டரி உடைக்கிற பட்டறை ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

"திரும்ப எதுக்கு?" என்றார் பெரிய டீச்சர். "அதான் ரெண்டு வருஷம் பண்ணியாச்சே. நாலு வரிசையும் ஒரே மாதிரி வளந்திருக்கு. பிள்ளைங்களே ஸ்கேல் வச்சு அளந்து எழுதினது. வெள்ளிக்கிழமை பெத்தவங்க கூட்டத்துல இந்தப் படத்தைத்தான் நடுவுல மாட்டப் போறேன். அத்தனை வாயும் அடைஞ்சுடும். என்ன டீச்சர், சரிதானே?"

கேள்வி பயறு டீச்சரைப் பார்த்துக் கேட்கப்பட்டது. அவள் தலையை மட்டும் ஆட்டிவைத்தாள். ஆட்டியது ஆமாம் என்றா இல்லை என்றா என்று அவளுக்கே தெரியாது. பெரிய டீச்சர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

நான்காவது வரிசை ஒரே மாதிரி வளரவில்லை. வளரவே இல்லை. இரண்டு வருடமும் ஐந்தாம் நாள் இலை மஞ்சளித்து, ஏழாம் நாள் தண்டு சரிந்துவிட்டது. இரண்டு வருடமும் அவள் விடிகாலையில் வீட்டு மாடியிலிருந்து மாற்றுச் செடிகளை அட்டைப் பெட்டியில் சுமந்து வந்து, காவலாளி கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போய், கோப்பைக்குக் கோப்பை மாற்றி வைத்தாள். முதல் வருடம், பிள்ளைகள் தண்ணீரை அதிகமாக ஊற்றியிருக்கும் என்று நினைத்தாள். இரண்டாம் வருடம் வெயில் மேல் பழி போட்டாள். தண்ணீர் என்று அவள் மனசுக்குள்கூடச் சொல்லிப் பார்த்ததில்லை.

வெளியே வந்தபோது இரண்டாம் வகுப்பு வாசலில் மகள் காத்திருந்தாள். கழுத்தில் ஒரு தண்ணீர் பாட்டில், பையில் இன்னொன்று. எந்த நாளும் அப்படித்தான். பக்கத்தில் தையல்காரம்மா தன் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். மகளின் பக்கத்து இருக்கைக்காரன் அவன்.

"மறுபடியும் வயித்து வலியாம் டீச்சர். இந்த மாசத்துல மூணாவது தடவை. மருந்து கொடுத்தா ரெண்டு நாள் நல்லா இருக்கான், அப்புறம் பழையபடி சுருண்டுக்கிறான்."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"வெளியில கண்டதைத் திங்கக் கூடாதுங்கிறாரு. இவன் வீட்டுலயே திங்க மாட்டேங்கிறான், வெளியில எங்க திங்கப் போறான்?"

பயறு டீச்சர் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சரியாகிவிடும் என்றாள். சொல்லிவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, யாரோ துரத்துவதுபோல் வேகமாக நடந்தாள்.

"அம்மா, ரெண்டாவது பாட்டில்ல பாதி மிச்சம். அவன் கேட்டான், நான் கொடுக்கலை" என்றாள் மகள், நல்ல பிள்ளைக்குரிய குரலில். "யாருக்கும் கொடுக்கக் கூடாது, உனக்குப் பத்தாதுன்னு நீ சொன்னியே."

பயறு டீச்சர் இரண்டு பாட்டில் கொடுத்தனுப்பத் தொடங்கியது எப்போது என்று யோசித்துப் பார்த்தாள். நினைவு வந்ததும், வராமலே இருந்திருக்கலாம் என்றிருந்தது. மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது போன வருடம். அதற்கு முந்தின வருடம்தான் முதல் தடவை செடிகள் செத்தன.

வீட்டில் அவள் கணவன் சாப்பாட்டு மேசையில் அயர்ன் பாக்ஸைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். மின்வாரியத்தில் லைன்மேன். ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்துவிட்டு வீட்டு அயர்ன் பாக்ஸை மூன்று வாரமாகச் சரிசெய்துகொண்டிருக்கிறான். அவள் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் திருப்புளியைக் கீழே வைக்காமல் கேட்டான்.

"செடி சாகறதுக்கு ஆயிரம் காரணம் இருக்குங்க" என்று முடித்தாள்.

"இருக்கும்" என்றான் அவன். "நான் கம்பத்துல ஏறுறதுக்கு முன்னாடி டெஸ்டர் வச்சுப் பாப்பேன். எரிஞ்சா கரண்ட் இருக்குன்னு அர்த்தம், கை வைக்க மாட்டேன். ஐயோ எரியுதே, பாக்கவே பயமா இருக்கேன்னு அதைத் தூக்கிப் போட்டுட்டு, எரியாத டெஸ்டரா பாத்து வாங்கி வச்சுக்கிட்டா என்னைக்கோ போய்ச் சேந்திருப்பேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. வேறு யாராவது சொல்லியிருந்தால் பொறுத்திருப்பாள்.

"உங்களுக்கென்ன, சுலபமா சொல்லிட்டீங்க. வெளியில சொன்னா என் பேரு என்னாகும்? அந்தப் பரிசு? அளந்து அளந்து எழுதின பிள்ளைங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"அது கஷ்டம்தான்" என்றான் அவன். திருகாணி ஒன்று உருண்டு மேசைக்கு அடியில் போனது. அதைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டான்.

வியாழக்கிழமை இடைவேளையில் அவள் இரும்பு பீரோவைத் திறந்து போன வருடத்து ஆய்வு நோட்டுகளை எடுத்தாள். பரிசு வாங்கியவை என்பதால் கட்டி வைத்திருந்தார்கள். நான்காவது வரிசைக்குப் பொறுப்பாக இருந்த ஏழு பிள்ளைகளின் நோட்டுகளை மட்டும் பிரித்தாள். ஆறு பேர் எதையும் கவனிக்கவில்லை. ஒரே நாளில் செடி இரண்டு மடங்கு வளர்ந்துவிட்டதாக எழுதி, பக்கத்தில் சிரிக்கிற முகம் வரைந்திருந்தார்கள்.

ஏழாவது நோட்டு மூக்குக்கண்ணாடியுடையது. தடித்த கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண். இப்போது ஐந்தாம் வகுப்பு. எட்டாம் நாள் பக்கத்தில் குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தாள்: "இது என் செடி இல்லை. என் செடியின் இலையில் ஒரு ஓட்டை இருந்தது. இதில் ஓட்டை இல்லை. என் செடி மஞ்சளாக இருந்தது. அது எங்கே போனது?"

அதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. கீழே பயறு டீச்சரின் அழகான கையெழுத்து: "கவனம் போதாது. மீண்டும் பார்த்து எழுது. 3/5."

ஒன்பதாம் நாளிலிருந்து அந்தப் பெண் ஒழுங்காக எழுதியிருந்தாள். செடி நன்றாக இருக்கிறது. செடி மிகவும் நன்றாக இருக்கிறது.

முப்பது பேரில் ஒரே ஒருத்தி அறிவியல் செய்திருக்கிறாள். அவளுக்கு இரண்டு மதிப்பெண் வெட்டு. பயறு டீச்சர் நோட்டை எடுத்துக்கொண்டு நேராகப் பெரிய டீச்சரின் அறைக்குப் போனாள்.

பெரிய டீச்சர் கெட்டவர் இல்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் விஷயம் எளிதாகப் போயிருக்கும். முழுவதையும் கேட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மாத்தி வைக்காதவங்க இந்தப் பள்ளிக்கூடத்துல யாரு? நானே எத்தனை தடவை வச்சிருக்கேன். நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. வெள்ளிக்கிழமை கூட்டம் முடியட்டும். அடுத்த வாரம் யாருக்கும் தெரியாம அந்தத் தண்ணியைப் பரிசோதனைக்கு அனுப்பலாம். ஏதாவது இருந்தா சத்தமில்லாம குழாயை அடைச்சுடுவோம். இப்பவே சொன்னா பாதிப் பேர் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. ஏற்கெனவே பிள்ளைங்க எண்ணிக்கை குறைஞ்சுபோச்சுன்னு மேல கேட்டுக்கிட்டே இருக்காங்க. பள்ளிக்கூடத்தையே மூடிட்டா?"

"அதுவரைக்கும் பிள்ளைங்க அந்தத் தண்ணியைக் குடிக்குமே மேடம்?"

"மூணு வருஷமா குடிக்குதுங்க. இன்னும் ஒரு வாரம்" என்று தொடங்கிய பெரிய டீச்சர், தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல் நிறுத்திக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார். "குடிக்காதீங்கன்னு வாயால சொல்லிவைப்போம்."

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது பயறு டீச்சருக்கு நிம்மதியாக இருந்தது. பாரத்தைப் பெரியவர் ஒருவரின் மேசையில் இறக்கி வைத்தாயிற்று. ஒரு வாரம்தானே. அன்று மதியம் முழுக்கத் திடலில் நின்று, குழாய்ப் பக்கம் போன பிள்ளைகளையெல்லாம் விரட்டிக்கொண்டிருந்தாள். விரட்டினால் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. ஒன்று ஓடினால் நான்கு வந்தன. மணியடித்து அவள் வகுப்புக்குத் திரும்பிப் பார்த்தபோது மூன்று தலைகள் குழாய்க்கடியில் குனிந்திருந்தன.

வெள்ளிக்கிழமை மதியம் கூடத்தில் பெஞ்சு போதாமல் பாதிப் பேர் நின்றார்கள். படம் நடுவில் மாட்டப்பட்டிருந்தது. பரிசு நோட்டுகளைக் காலையிலேயே அவரவர் கையில் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். நான்கு பச்சைக் கோடுகள் கைகோத்துக்கொண்டு ஏறின. முன் வரிசையில் ஒரு கொத்தனார், வேலையிடத்திலிருந்து அப்படியே வந்தவர், கையில் சிமென்ட் காய்ந்திருக்க எழுந்து கேட்டார்.

"பட்டறைக்காரன் கழிவைக் குழி தோண்டி ஊத்துறதை நானே பாத்தேன். அந்தக் குழாய்த் தண்ணி நல்ல தண்ணிதான்னு நீங்க எழுதித் தருவீங்களா?"

"நாங்க எதுக்கு எழுதணும்? உங்க பிள்ளைங்களே எழுதியிருக்காங்க" என்று பெரிய டீச்சர் சிரித்தபடி ஓரமாக உட்கார்ந்திருந்த ஐந்தாம் வகுப்பைப் பார்த்தார். "நாலாவது குழாய்ச் செடியை வளத்தது யாரும்மா? நோட்டைப் படிச்சுக் காட்டு."

எழுந்தது மூக்குக்கண்ணாடி.

பெரிய டீச்சரின் முகம் ஒரு கணம் வெளுத்தது. ஏழு பேரில் இந்தப் பெண் எழுவாள் என்று அவர் நினைக்கவில்லை. அந்தப் பெண்ணோ சமர்த்தாக ஒன்பதாம் நாளைத் திறந்து படித்தாள். "செடி நன்றாக இருக்கிறது. உயரம் பதினொரு சென்டிமீட்டர்." படித்துவிட்டு, சரியாகப் படித்தேனா என்று கேட்பதுபோல் பயறு டீச்சரைப் பார்த்தாள். கூடத்தில் சிலர் கைதட்டினார்கள். கொத்தனார் உட்காரப் போனார்.

அவர் மட்டும் உட்கார்ந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். பயறு டீச்சர் எழுந்துவிட்டாள்.

"அதுக்கு முந்தின பக்கத்தைப் படி கண்ணு."

"அது தப்பு டீச்சர்."

"தப்பில்லை. படி."

"நீங்கதானே டீச்சர் தப்புன்னு சிவப்புல அடிச்சீங்க?"

"நான் அடிச்சதுதான் தப்பு. சத்தமா படி."

அந்தப் பெண் படித்தாள். இது என் செடி இல்லை. அது எங்கே போனது? பயறு டீச்சர் யார் முகத்தையும் பார்க்காமல், படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நான்காவது வரிசை இரண்டு வருடமும் ஏழே நாளில் செத்ததை, தானே வீட்டிலிருந்து வேறு செடி கொண்டுவந்து வைத்ததை, பிள்ளைகள் அளந்ததெல்லாம் வீட்டுத் தண்ணீரில் வளர்ந்த செடி என்பதை.

"இந்தப் படம் பொய். அந்தக் குழாயை இன்னைக்கே அடைக்கணும்" என்று முடித்தாள்.

பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். யாரோ நாற்காலியைத் தள்ளினார்கள். கொத்தனார் திடல் பக்கம் நடந்தார், அவர் பின்னால் பத்துப் பேர் போனார்கள். பெரிய டீச்சர் உட்கார்ந்த இடத்திலேயே தலையைப் பிடித்துக்கொண்டார். இரைச்சலுக்கு நடுவே மூக்குக்கண்ணாடி நோட்டுடன் அருகில் வந்தாள்.

"அப்போ எனக்கு அஞ்சுக்கு அஞ்சா டீச்சர்?"

"ஆமா கண்ணு. அஞ்சுக்கு அஞ்சு." புது டீச்சர் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தாள். பயறு டீச்சர் மூன்றை அடித்துவிட்டு ஐந்து போட்டாள். நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது போலிருந்தது. சொல்லியாயிற்று, இனி என்ன வேண்டுமானாலும் ஆகட்டும்.

தையல்காரம்மா கூட்டம் கலைந்து வழி கிடைத்ததும் மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு எதிரில் வந்து நின்றாள். அவள் கத்தவில்லை. துணி அளவு கேட்கிற குரலில்தான் கேட்டாள்.

"செடி விஷயத்தைச் சொல்லிட்டீங்க, நல்லது. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும் டீச்சர். உங்க பொண்ணு தினமும் ரெண்டு பாட்டில் கொண்டு வருது. எங்க வீட்டுல இவன் கேட்டான், எனக்கும் ரெண்டு பாட்டில் வேணும்னு. பள்ளிக்கூடத்துலதான் குழாய் இருக்கேடா, எதுக்குச் சுமக்கிறேன்னு நான்தான் திட்டினேன். உங்க பொண்ணுக்கு மட்டும் எதுக்கு ரெண்டு?"

செடியைப் பற்றிப் பயறு டீச்சர் கணவனிடமும் பெரிய டீச்சரிடமும் சொல்லி ஒத்திகை பார்த்திருந்தாள். இதற்கு ஒத்திகை இல்லை. முன் பெஞ்சில் மகள் உட்கார்ந்திருந்தாள், கழுத்தில் ஒரு பாட்டில், மடியில் ஒரு பாட்டில், இரண்டையும் யாரோ பிடுங்கிவிடுவார்கள் என்பதுபோல் அணைத்துப் பிடித்துக்கொண்டு.

"உங்களுக்கு அப்பவே தெரியும், இல்லையா?" என்றாள் தையல்காரம்மா.

பின்பக்கத்திலிருந்து சுத்தியல் சத்தம் கேட்கத் தொடங்கியது. குழாயின் வாயில் கட்டையை அடித்து இறுக்குகிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் அந்தப் பையன் அம்மாவின் தோளில் திடுக்கிட்டான்.

"தெரியும்" என்றாள் பயறு டீச்சர்.